எள்ளோ? பசுவோ?

சென்ற பங்குனித் திங்களில் ஜோத்பூரிலிருந்து ஜெய்ப்பூருக்குப் பிரயாணம் செய்ய நேர்ந்தது. நமது சங்கத்தைச் சேர்ந்த குடும்பத்தார் சிலரும் உடன் வந்தனர். வண்டி சாம்பர் ஏரியை நெருங்கியபோது, உப்புப் பாத்திகளில் தேங்கி நின்ற நீர் செக்கச் செவேலென்று இருப்பதைக் கண்டு பெட்டியிலிருந்தோர் யாவரும் ஜன்னலோரம் கூடிவிட்டோம். சாயப்பட்டறைக் கழிவாக இருக்கும் என்றார் ஒருவர். நம்முடன் வந்த மூதாட்டி, அவ்விடத்தில் சாகம்பரி அம்மன் கோயில் கொண்டிருப்பதை முன்பே கேட்டறிந்தவர். ஆகவே, "அம்மனுக்கு அபிஷேகம் செய்த குங்குமத் தண்ணீரப்பா" என்று கூறிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருடைய பேத்தி எம்.எஸ்ஸி. வகுப்பில் பயில்பவள். அவள் சிரித்துக்கொண்டே, "பாட்டி, அது பாசி. இந்தப் பாசியைத்தான் நான் சீசாவில் வளர்த்தேன். போன மாதம் ஒரே ராத்திரியில் அத்தனையையும் கொன்றும் விட்டேன்" என்றாள்.

சிரிப்புடன் சொன்னாளே யன்றி, அவள் குரலில் வருத்தம் தோய்ந்திருந்தது. மூன்று மாத உழைப்பு ஓரிரவில் பாழாயிற்றாம். எதனால் என்று வினவினோம். பாசியிலிருந்து எண்ணெய் எடுக்கும் பொருட்டு ஒரு திரவத்தை அதன்மேல் ஊற்றினாளாம், அத்திரவமே அதற்கு யமனாயிற்றாம். ஜெய்ப்பூர் சேரும் வரையில் அவளைக் கேள்விகளால் துளைத்தெடுத்தோம். அதன் பின்னர் நூலகத்திலும் சில நாட்கள் தேடிப் படித்தோம். அவ்வாறு அறிந்தவற்றையே ஈண்டு அன்பர்கள் முன் வைக்கிறோம்.

குளத்தில் படரும் பாசியை நாம் அனைவரும் அறிவோம். அதன் இனத்தைச் சேர்ந்த நுண்பாசி என்பது கண்ணுக்குப் புலனாகாதது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஐந்தாறு கூறு அளவே இருக்கும் தனித்தனி உயிரணு அது. வெயிலையும் கரியமிலவாயுவையும் உண்டு வளரும். அதற்கு உரமாக இடும் நைட்ரஜன் சத்தைக் குறைத்துவிட்டால், குடும்பம் பெருக்குவதை நிறுத்திக்கொண்டு, பஞ்ச காலத்திற்குச் சேர்த்து வைப்பதுபோல் எண்ணெயைத் தன்னுள்ளே திரட்டி வைக்கும். உலர்ந்த எடையில் நாலில் ஒரு பங்கு எண்ணெயாக இருப்பது அரிதன்று. அவ்வெண்ணெயுடன் மெத்தனால் என்னும் சாராயத்தையும் சிறிது காரத்தையும் சேர்த்துச் சூடாக்கினால் பயோடீசலும் கிளிசரினும் கிடைக்கின்றன. சாம்பர் ஏரியில் நாம் கண்டது துனாலியெல்லா சலைனா என்னும் வகை. கடும் உப்பிலும் கடும் வெயிலிலும் அது கரோட்டின் என்னும் செம்மஞ்சள் நிறப்பொருளை எண்ணெய்த் துளிகளில் கரைத்து வைத்துக்கொள்கிறது. ஏரி நீரின் செந்நிறத்தில் உப்பை விரும்பும் வேறு சில நுண்ணுயிர்களுக்கும் பங்குண்டு.

வயலும் வேண்டாம், நன்னீரும் வேண்டாம், உப்புத் தண்ணீரில் எரிபொருள் விளையும் என்றால் யாருக்குத்தான் ஆசை பிறவாது? அமெரிக்க அரசாங்கம் 1978 முதல் 1996 வரை இதற்கென ஒரு திட்டத்தை நடத்தியது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாசி வகைகளைத் திரட்டிற்று. நியூ மெக்ஸிகோ மாகாணத்து ராஸ்வெல் நகரில் 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள குளங்கள் வெட்டி வளர்த்தும் பார்த்தது. பெட்ரோலிய எண்ணெயின் விலைக்கு ஈடு கொடுக்க இயலாதென்று முடிவு கண்டது. எக்ஸான்மொபில் என்னும் பெருங் கம்பெனியார் 2009-இல் இத்துறையில் இறங்கி 2023-இல் கைவிட்டனர். நம் நாட்டிலும் பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு ஆராய்ச்சி நிலையத்தார், பாசி எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலை 20 பங்கு கலந்து 2012-ஆம் ஆண்டில் மோட்டார் வண்டி ஓட்டிக் காட்டினர். ஆகவே, இயலுமா என்பது கேள்வியன்று. கட்டுப்படியாகுமா என்பதே கேள்வி.

கட்டுப்படியாகாமைக்குக் காரணம் யாது? கணக்குப் பார்ப்பது நமது தொழிலாகையால் இதனைக் கணக்காகவே போட்டுப் பார்த்தோம்.

திறந்த குளத்தில் ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் அரை கிராம் பாசிதான் இருக்கும். ஒரு கிலோ எண்ணெய் வேண்டுமாயின், நாலில் ஒரு பங்கு என்ற விகிதப்படி, நான்கு கிலோ உலர்ந்த பாசி வேண்டும். அதற்கு 8,000 லிட்டர் நீரை வடித்தாக வேண்டும். கோடையில் நமது தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியை நினைத்துக்கொள்க. ஏறக்குறைய அத்தனை நீரையும் வடித்தால் ஒரு கிலோ எண்ணெய்! சரி, பாலிலிருந்து ஆடையைப் பிரிப்பது போன்ற சுழற்சி யந்திரத்தில் இட்டு வடித்தாயிற்று என்று கொள்வோம். அப்பொழுதும் கிடைப்பது உலர்ந்த பொடியன்று, குழம்பு. அதில் ஐந்தில் ஒரு பங்கு பாசி, மிச்சம் நீர். நான்கு கிலோ பாசியோடு 16 கிலோ நீர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்க 540 கிலோ கலோரி உஷ்ணம் செலவாகும் என்பது நாம் பள்ளியில் படித்ததே. 16 கிலோவுக்கு 8,640. ஒரு கிலோ எண்ணெயை எரித்தால் கிடைப்பதோ சுமார் 9,000. அதாவது, எண்ணெய் தரும் உஷ்ணம் ஏறக்குறைய முழுவதும் ஈரத்தைப் போக்கவே போய்விடுகிறது. வெயிலில் உலர்த்தலாமே எனின், அதற்கு இடமும் நாளும் வேண்டும். ஈரப்பாசி அதற்குள் கெட்டும் போகும். இத்தனைக்கும் நீர் இறைக்கும் செலவையும் உரச்செலவையும் நாம் இன்னும் சேர்க்கவில்லை.

இந்தக் கணக்கைப் பார்த்த பின்னரே அப்பெண்ணின் முயற்சி நமக்கு விளங்கிற்று. பாசியை எள்ளைப்போல் நடத்துகிறோம் என்பதே தவறு என்கிறாள் அவள். எள்ளைச் செக்கிலிட்டால் எண்ணெய் வரும், எள் போய்விடும். மறுபடியும் விதைத்து, வளர்த்து, அறுத்து, உலர்த்த வேண்டும். பசுவை அவ்வாறு செய்வோமா? காலையில் கறந்துவிட்டு மேய விடுகிறோம், மாலையில் மறுபடி கறக்கிறோம். பாசியையும் குளத்தில் இருக்கும்படியே விட்டு, எண்ணெயை மட்டும் கறந்துகொண்டால், வடிப்பதுமில்லை, உலர்த்துவதுமில்லை. இவ்வுவமை அவள் கற்பனையன்று. இத்துறை விஞ்ஞானிகள் தம் கட்டுரைகளிலேயே இம்முறையைப் 'பால் கறத்தல்' என்றுதான் எழுதுகிறார்கள்.

கறப்பதற்குக் கை வேண்டுமே! அக்கை தான் கரைப்பான் திரவம். எண்ணெயைக் கரைக்கவல்ல, நீருடன் கலவாத ஒரு திரவத்தைப் பாசி நீரின்மேல் மிதக்கவிட வேண்டும். மெல்லக் கலக்கினால் உயிரணுக்கள் அத்திரவத்தைத் தொட்டுத் தொட்டு மீளும். தொடும்பொழுது எண்ணெய் சிறிது அதனுட் கரைந்து மேலே தங்கும். கேட்பதற்கு எத்துணை இனிமை! நமது பெண் அதற்கு ஹெக்ஸேன் என்னும் திரவத்தைத் தேர்ந்தாள். நாம் வாங்கும் தவிட்டெண்ணெய் ஆலைகளில் தவிட்டிலிருந்து எண்ணெயைப் பிரிப்பது அதனால்தான், மலிவாகவும் கிடைக்கும். மாலையில் ஊற்றிக் கலக்கியை ஓடவிட்டு வீடு திரும்பினாள். காலையில் வந்து பார்த்தபோது, அடியில் நீர் தெளிந்திருந்தது, நடுவே அழுக்கு நுரைபோல ஓர் ஏடு படிந்திருந்தது. அவள் வளர்த்த பாசி அவ்வளவும் அந்த ஏட்டில் செத்துக் கிடந்தது.

எண்ணெயைக் கரைக்கும் திரவம் பாசியை ஏன் கொல்ல வேண்டும்? உயிரணுவைச் சுற்றிலும், அதனுள் வெயிலை உண்ணும் பச்சைய உறுப்பிலும் மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. அச்சவ்வும் கொழுப்பினாலானதே. எண்ணெயைக் கரைக்கும் திரவம் அதனையும் விட்டுவைக்குமா? நமது கூட்ஸ் ஷெட்டில் சரக்கு மூடும் தார்ப்பாயில் மண்ணெண்ணெய் கசிந்து விழுந்தால், பார்வைக்குப் பாய் முழுமையாகவே இருக்கும். மழை பெய்யும்பொழுதுதான் அவ்விடத்தில் ஒழுகும். இங்கும் அதே கதை. திரவத்தின் அணுத்திரள்கள் சவ்வினிடையே நுழைந்து இடம் பிடித்து அதனை நெகிழ்த்துகின்றன. சவ்வு கிழிவதற்கு முன்பே ஒழுகத் தொடங்குகிறது. உள்ளிருக்க வேண்டிய உப்புச் சத்துக்கள் வெளியேறுகின்றன. சவ்வின் இருபுறமும் நிலவவேண்டிய மின் வேற்றுமை குலைகிறது. வெயிலைச் சத்தாக மாற்றும் வேலை நின்றுவிடுகிறது. துனாலியெல்லாவுக்கோ தடித்த வெளிச்சுவர் கிடையாது. ஆதலின் கறப்பதற்கும் எளிது, சாவதற்கும் எளிது.

எல்லாத் திரவங்களும் ஒரே விதமாகக் கொல்வதில்லை என்பதில்தான் இவ்விஷயத்தின் சுவை இருக்கிறது. ஒரு சீசாவில் பாதி நீரும் பாதி ஆக்டனால் என்னும் எண்ணெய்ப்பசையுள்ள சாராயமும் ஊற்றி, சோதிக்க வேண்டிய திரவத்தில் சிறிது விட்டுக் குலுக்கினால், அது இரண்டிலும் பங்கிட்டுக்கொண்டு தங்கும். ஆக்டனாலில் எத்தனை மடங்கு தங்கிற்று என்று கணித்து, அதன் மடக்கையை எடுத்துக்கொள்வார்கள். பள்ளியில் மடக்கை வாய்பாடு புரட்டியோர்க்கு இது எளிதில் விளங்கும். எண் 4 என்றால் பதினாயிரம் மடங்கு, 6 என்றால் பத்து லட்சம் மடங்கு. இந்த எண்ணுக்கு லாக்-பி என்று பெயர். சாதாரண சாராயத்துக்கு அது பூஜ்யத்திற்கும் கீழே. குளோரோபாரத்துக்கு ஏறக்குறைய 2, ஹெக்ஸேனுக்கு ஏறக்குறைய 4, ஆக்டேனுக்கு 5-க்குச் சற்று மேல், டோடெக்கேனுக்கு 6-க்கும் மேல்.

எண்ணெயோடு உறவு மிக மிக நஞ்சும் மிகும் என்றுதானே நினைப்போம்? நாமும் அவ்வாறே நினைத்து அப்பெண்ணிடம் வாதாடினோம். "இல்லை மாமா, நேர் எதிர். சவ்வை அடைய வேண்டுமானால் முதலில் தண்ணீரில் கொஞ்சமாவது கரைய வேண்டாமா?" என்றாள். ஒரு லிட்டர் நீரில் ஹெக்ஸேன் சுமார் 10 மில்லிகிராம் கரையும். டோடெக்கேனோ ஒரு மில்லிகிராமில் நூற்றிலொரு பங்குகூடக் கரையாது. வாயிலைக் கடக்க இயலாத விருந்தாளி வீட்டுக்குள் என்ன தீங்கு செய்ய முடியும்? சாராயம் போன்றவை நீரிலேயே தங்கிவிடுவதால், அளவு மிகுந்தால்தான் கொல்லும். இடைப்பட்டவையே பொல்லாதவை. நீரில் கரையும் அளவுக்கு நீரோடு உறவும், சவ்வில் குடியேறும் அளவுக்குக் கொழுப்போடு உறவும் அவற்றுக்கு உண்டு. துனாலியெல்லாவில் சோதித்தவர்கள், எண் 6-க்கு மேற்பட்டவற்றை அது பொறுத்துக்கொள்வதையும், 5-க்குக் கீழ்ப்பட்டவற்றில் அது நலிவதையும் கண்டனர். கரையாவிடினும் வேறொரு வழியில் தீங்கு நேரலாம். வேகமாகக் கலக்கினால் திரவத்தின் மேற்பரப்பிலேயே உயிரணுக்கள் ஒட்டிக்கொண்டு சிதைகின்றன. ஆகவே, எதை ஊற்றினோம் என்பதோடு எப்படிக் கலக்கினோம் என்பதும் கணக்கில் சேரும்.

ஹாலந்து தேசத்தில் வாகனிங்கன் சர்வகலாசாலை விஞ்ஞானிகள் இவ்வழியில் பெயர் பெற்றவர்கள். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் துனாலியெல்லாவின்மேல் டோடெக்கேனை ஓடவிட்டு, 40 நாட்களுக்கு மேலாகக் கரோட்டினைத் தொடர்ந்து எடுத்துக்காட்டினர். பசு கறக்கிறது என்று உலகம் மகிழ்ந்தது. கரோட்டின் எரிபொருளன்று, மிக விலையுயர்ந்த சரக்கு. ஆயினும் கரோட்டினுக்கு ஆகிய வழி எண்ணெய்க்கும் ஆகாதா என்று பலரும் முனைந்தனர்.

பிறகு நிகழ்ந்ததை நாம் பெரிதும் மதிக்கிறோம். அதே சர்வகலாசாலையினர் தங்கள் வெற்றியைத் தாங்களே ஐயுற்றனர். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் நுணுகி ஆராய்ந்தபோது, கரோட்டின் வெளிவந்தது உயிருள்ள அணுக்கள் கறந்ததனால் அன்று, கலக்குதலில் நாள்தோறும் ஒரு பகுதி அணுக்கள் உடைந்து மாண்டதனால் என்பது புலப்பட்டது. மாண்டவற்றின் இடத்தைப் புதிதாய்ப் பிரிந்து பிறந்தவை நிரப்பிக்கொண்டிருந்தன. மந்தை குறையவில்லை, மாடுதான் மாறிக்கொண்டே இருந்தது. தம் பெயர் பரவிய பிறகு, "நாங்கள் கறந்தது பாலன்று" என்று அச்சில் வெளியிடுவதற்கு எத்தனை பேருக்கு மனம் வரும்?

உண்மையாகவே கறக்கத்தக்க பாசி இல்லையா எனின், உண்டு. பாட்ரியோகாக்கஸ் பிரவுனி என்பது அதன் பெயர். திராட்சைக் குலைபோல் கூட்டமாய் வாழ்வது. மற்றப் பாசிகள் எண்ணெயை வயிற்றுக்குள் வைத்திருக்க, இது பெட்ரோலியத்தை ஒத்த எண்ணெயை வெளியே தள்ளி, குலையின் பிசினுக்கிடையே தேக்கி வைக்கிறது. பூமிக்கடியில் சிலவகை எண்ணெய்ப் பாறைகளில் இதன் சுவடுகள் இன்றும் காணப்படுகின்றன. மடி வெளியே இருப்பதால், ஹெக்ஸேன் போன்ற கொடிய திரவமும் சிறிது நேரமே தொட்டு நீங்கினால் இதற்குப் பெருங்கேடு இல்லை என்று பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் 1980-களிலேயே கண்டனர். நமது மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தாரும் இப்பாசியைப் பற்றி ஆராய்ந்துள்ளனர். ஆனால் இதற்கும் ஒரு குறை. மற்றவை ஒரு நாளில் இரட்டிக்க, இது இரட்டிக்கச் சில நாட்கள், சிலபோது ஒரு வாரம் ஆகும். குளத்தில் வேகமாய் வளரும் வேற்றுப் பாசி புகுந்தால் இதனை மூழ்கடித்துவிடும். கறவைப் பசு கிடைத்தது, அது நோஞ்சானாய் இருக்கிறது!

எண்ணெயை உள்ளே வைத்துத் தடித்த சுவரும் எழுப்பிக்கொண்ட குளோரெல்லா போன்றவற்றைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மென்மையான திரவம் அவற்றின் சுவரைக் கடப்பதில்லை, கடக்கும் திரவம் கொன்றுவிடுகிறது. அவற்றை எள்ளாகவே நடத்த வேண்டும்.

பாசிக்கு இதமான திரவம் கிடைத்துவிட்டதே, இனி என்ன தடை என்று கேட்கலாம். எண்ணெய் அத்திரவத்தில் கரைந்தல்லவா கிடக்கிறது? அதனைப் பிரிக்கக் காய்ச்சி வடிக்க வேண்டும். ஹெக்ஸேன் 69 டிகிரியில் கொதித்து எளிதில் பிரிந்துபோகும். டோடெக்கேன் கொதிப்பதோ 216 டிகிரியில். பாசிக்கு நல்லது அடுப்புக்குச் செலவு, அடுப்புக்கு மலிவு பாசிக்கு நஞ்சு. ஈரத்தைப் போக்குவதில் மிச்சம் பிடித்த உஷ்ணத்தை இங்கே திருப்பிக் கொடுக்கிறோம். இதனை அறிந்தே சிலர் கரைப்பானை அறவே விட்டு, ஈரப்பாசியை அப்படியே மிகுந்த அழுத்தத்தில் சுமார் 350 டிகிரிவரை சுடவைத்து எண்ணெயாக்கும் வழியில் சென்றிருக்கின்றனர். அது வேறு கதை.

ஹெக்ஸேனைப் பற்றி மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். ரயில்வேயில் அபாயகரமான சரக்குகளுக்கென்று ரெட் டாரிஃப் என்ற தனி விதிநூல் உண்டு. தீப்பற்றும் திரவங்களை எவ்வாறு கட்டுவது, எதனோடு சேர்த்து ஏற்றலாகாது என்பதெல்லாம் அதில் காணலாம். ஹெக்ஸேனின் ஆவி பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரிக் குளிரிலும் தீப்பொறி பட்டால் பற்றும். அதன் ஆவியைப் பல நாள் சுவாசித்தால் கைகால் நரம்புகள் தளரும். 1960-களில் ஜப்பானில் பசை ஒட்டிச் செருப்புச் செய்த தொழிலாளர் பலர் இவ்வாறு நடை தளர்ந்தனர். பாசியின் சவ்வைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நாம், சீசாவின் அருகே அமர்ந்து வேலை செய்யும் பிள்ளைகளின் நரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா? ஆய்வுச்சாலையில் ஆவி போக்கும் கூண்டினுள் வைத்துத்தான் ஊற்றுகிறாயா என்று அப்பெண்ணைக் கேட்டோம். "கூண்டில் விசிறி ஓடினால் கூண்டுக்குள், இல்லாவிட்டால் ஜன்னல் பக்கம்" என்றாள். விசிறி சரியாகும் வரையில் அத்திரவத்தைத் தொடாதே என்று அவள் பாட்டியும் நாமும் சேர்ந்து கண்டித்துச் சொல்லியிருக்கிறோம். பிள்ளைகளை இத்துறையில் படிக்க வைக்கும் நமது சங்கப் பெற்றோர்களும் இதனைக் கேட்டறிவது நலம்.

சென்ற வாரம் அவளிடமிருந்து செய்தி வந்தது. இம்முறை டோடெக்கேனை ஊற்றி, கலக்கியை மிக மெதுவாக ஓடவிட்டிருக்கிறாள். எட்டாம் நாள் மேலேடு இளமஞ்சள் நிறம் கொண்டதாம். நீலச்சாயம் ஒன்றைக் கலந்து நுண்பெருக்கியில் தினமும் எண்ணுகிறாள். சவ்வு ஒழுகும் அணுவினுள் மட்டும் சாயம் புகும், உயிருள்ளது தெளிந்தே இருக்கும். எண்ணிக்கை குறையவில்லை என்கிறாள். ஆயினும் முதல் நாள் இருந்த அணுக்களே இன்றும் இருக்கின்றனவா, அவற்றின் பிள்ளைகளா என்று அவளால் இன்னும் சொல்ல இயலவில்லை. அதற்காகப் பாசிக்கு நைட்ரஜன் உரத்தை நிறுத்தி, பிள்ளை பெறாதபடி செய்துவிட்டு மறுபடி எண்ணப் போகிறாளாம். பாட்டியாருக்கு இது பிடிக்கவில்லை. அம்மன் ஏரிப் பாசியைப் பட்டினி போடலாமா என்று கேட்கிறார்.